கதவா, கடையா, லாக்கரா: டர்பனில் ஒரு பார்சல் போய்ச் சேரும் வழி

தீபாவளி நெருங்கும்போதே, தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: எந்தக் கூரியர் நல்லது? ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு முறுக்கு போக வேண்டும், கேப் டவுனில் படிக்கும் பேரனுக்குப் பலகாரம் போக வேண்டும். ஒருவர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். அதே பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒரு தெருவுக்கு மறுநாளே வந்து கொடுக்கும் நிறுவனம், இரண்டு தெரு தள்ளிப் போகவேண்டிய பெட்டியை வாரக்கணக்கில் சுற்றவிடும்.

அதனால் பெயரை வைத்து நல்லது கெட்டது பேசுவதில் பயன் குறைவு. இந்த நாட்டில் ஒரு பார்சலின் தலையெழுத்து, அது கடைசியாகக் கைமாறும் இடத்தில்தான் இருக்கிறது. வீட்டு வாசலா, கடைக் கவுண்டரா, பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் லாக்கரா? இதை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்த நிறுவனம் என்பது பாதி தானாகவே தெளிந்துவிடும். நம் ஊர்களில் வாசல்வரை வரும் சேவையைத்தான் உயர்ந்தது என்று எண்ணிப் பணம் கட்டுகிறோம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது பொருந்தாத சேவை என்பதே என் கருத்து.

தபால் நிலையம் விட்டுப்போன இடம்

கூரியர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் தபால் நிலையத்துக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். அது ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

1998-ஆம் ஆண்டின் தபால் சேவைச் சட்டம், 1 கிலோ வரையுள்ள கடிதங்களையும் சிறு பார்சல்களையும் தென்னாப்பிரிக்கத் தபால் நிறுவனத்துக்கென்றே ஒதுக்கிவைத்தது. 458 மி.மீ. நீளம், 324 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம் கொண்ட பெட்டிக்குள் அடங்குவது எல்லாம் அந்த ஒதுக்கீட்டில் வரும். இந்தச் சலுகைக்கு ஈடாக அந்த நிறுவனத்தின் மேல் ஒரு கடமையும் இருந்தது: லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் தபால் போக வேண்டும். தனியார் கூரியர்களுக்கு அந்தக் கடமை கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைத்தன.

2014-இல் தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. பொருள் அனுப்பி விற்றுவந்த சிறு வியாபாரிகள் அப்போதுதான் கூட்டமாக வெளியேறினார்கள். 2018-இல் இன்னொரு வேலைநிறுத்தம் வந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. வருமானம் சரிந்தது, கிளைகளின் வாடகை நிலுவையில் நின்றது, சில இடங்களில் கட்டட உரிமையாளர்கள் கதவைப் பூட்டினார்கள். 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் நிறுவனத்தைத் தற்காலிகக் கலைப்பின் கீழ், அதாவது இழுத்து மூடுவதற்கான முதல் கட்டத்தில், வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அது, மூடாமல் நிறுவனத்தைக் காப்பாற்ற முயலும் வணிக மீட்பு நடவடிக்கைக்கு மாறியது. அரசு 240 கோடி ரேண்ட் கொடுத்தது. அதற்குப் பிறகும் 300-க்கு மேற்பட்ட கிளைகள் மூடப்பட்டன, 4,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

இதை வெறும் நிர்வாகத் தோல்வி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்க வரும் தாத்தாவும், காப்பீட்டுக் கடிதத்தை எடுக்க வரும் விதவைப் பெரியம்மாவும், பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டி அனுப்ப வருபவர்களும் ஒரே வரிசையில் நின்ற இடம் அது. கவுண்டரில் இருந்தவருக்கு முகம் தெரியும், விலாசத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொடுப்பார். செல்போனில் செயலி இறக்கி, முன்கூட்டியே பணம் கட்டி, வந்த எண்ணை அட்டையில் எழுதத் தெரியாதவர்களுக்கு இன்று அதற்கு ஈடான இடம் ஒன்று இல்லை.

1 கிலோ ஒதுக்கீடு தாளில் இருந்துகொண்டே இருந்தது. அதை வைத்துத் தபால் நிறுவனம், போஸ்ட்நெட் என்ற தனியார் கூரியர்க் கடைத் தொடரின் மேல் ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவிடம் புகார் கொடுத்தது. 2019-இல் ஆணையத்தின் புகார்க் குழு தபால் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் கடிதமே ஒழுங்காகப் போய்ச் சேராத ஊரில், சிறு பொட்டலத்தைத் தபாலில்தான் போட வேண்டும் என்று மக்களிடம் யார் போய்ச் சொல்வது? கவுண்டர்களில் சின்னப் பெட்டிகள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

பெட்டி போகும் பாதை

கூரியர் வேலை வெளியில் தெரிவதைவிட எளிமையான அமைப்பு. நம் கையிலிருந்து வாங்கிய பெட்டி அன்று மாலையே டர்பனில் உள்ள பிரிப்பு மையத்துக்குப் போகும். அங்கே ஊர்வாரியாகப் பிரித்து, இரவில் லாரியில் ஏற்றுவார்கள். டர்பனிலிருந்து ஜோஹனஸ்பர்குக்கு என்-3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர், விடிவதற்குள் போய்விடும். அங்குள்ள மையத்தில் மறுபடி பிரித்து, பகுதிவாரியாக ஓட்டுநர்களிடம் கொடுப்பார்கள்.

இரவு லாரி ஓடும் பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் கிடையாது. எல்லோருக்கும் அதே சாலை, அதே மழை, வான் ரீனன் கணவாயில் அதே நெரிசல். காலையில் பெட்டி சிறு வண்டியில் ஏறிய பிறகுதான் வித்தியாசம் தொடங்குகிறது.

அந்தச் சிறு வண்டியை ஓட்டுபவர் பல நிறுவனங்களில் சம்பள ஊழியர் கிடையாது. சொந்த வண்டியோ தவணை வண்டியோ வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர். கொண்டுபோய்ச் சேர்த்த பெட்டிக்குத்தான் காசு; பூட்டிய கேட்டின் முன்னால் காத்துநின்ற நேரத்துக்குக் காசு இல்லை, பெட்ரோலும் அவர் பொறுப்பு. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் நாம் கோபப்படும் பல காரியங்களுக்கு விளக்கம் கிடைக்கிறது. இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டு ஏன் கிளம்பிவிடுகிறார்? வரவே வராமல் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று ஏன் பதிவாகிறது? அவரை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிவு பொய்யாக இருந்தால் அது பொய்தான். ஆனால் தப்பு ஒரு மனிதரின் குணத்தில் மட்டும் இருக்கிறது என்று நினைத்து நிறுவனத்தை மாற்றினால், அதே வேலை முறையில் ஓடும் இன்னொருவரிடம்தான் போய் நிற்போம்.

இதற்கு மேல் நம் ஊர்களின் விலாசச் சிக்கல். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ், இந்தியர்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்ற 1960-களில் எழுப்பிய ஊர் சாட்ஸ்வர்த். அவசரத்தில் வரைந்த அந்த ஊரில் தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ரோடு 701 என்பதுபோல எண்தான். பின்னாளில் சில தெருக்களுக்குப் பெயர் வந்தது, பழைய எண்ணும் வழக்கில் நின்றது. நகரத்துக்குள் 2008-இல் பெயர் மாற்றம் நடந்து, க்ரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆனது, வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசேமே ஸ்ட்ரீட் ஆனது. நம் பெரியவர்கள் வாயில் இன்றும் க்ரே ஸ்ட்ரீட்தான். பழைய பெயரில் எழுதிய விலாசத்தை வரைபடச் செயலி எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

போதாததற்கு மேடு பள்ளம். சாலையிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும் வீடுகள், படி இறங்கிப் போக வேண்டும். ஒரே எண்ணில் முன்வீடு, பின்னால் அவுட்பில்டிங், அதில் இரண்டு வாடகைக் குடும்பங்கள். கேட்டில் மணி கிடையாது, உள்ளே நாய் இருக்கும், திருட்டுப் பயத்தில் பூட்டு தொங்கும். பகலில் வேலைக்குப் போகிறவர்களின் வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். முகம் தெரியாதவருக்குக் கதவைத் திறக்காதே என்று நாமே அவரிடம் சொல்லிவைத்திருப்போம்.

வாசல்வரை வரும் சேவை, வரவேற்பு மேசை உள்ள அலுவலகத்துக்கும் காவலாளி இருக்கும் குடியிருப்புக்கும் ஏற்ப வடிவமைத்தது. டர்பனின் வசதியான கடலோரப் பகுதியான உம்ஷ்லாங்காவில் அது அழகாக வேலை செய்யும். சாட்ஸ்வர்த்தின் சரிவில் கட்டிய வீட்டில் தடுமாறும். வாசலுக்கே வரவேண்டிய கட்டாயம் இருந்தால், பெட்டியில் ஒட்டும் விலாசச் சீட்டான வேபில்லில் மூன்று விஷயம் கட்டாயம் எழுதுங்கள்: பகலில் எடுக்கும் செல்போன் எண், தெருவின் பழைய எண்ணும் புதிய பெயரும், ஓட்டுநர் கண்ணில் படும் அடையாளம் ஒன்று. கோயில், பள்ளிக்கூடம், மூலைக் கடை எதுவானாலும் சரி. அவுட்பில்டிங் என்றால் "பின்வீடு, இடப்பக்கக் கேட்" என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கவுண்டரும் லாக்கரும்

வாசல் தடுமாறும் இடத்தை நிரப்பத்தான் எடுத்துக்கொள்ளும் நிலையங்கள் பெருகின. இவற்றில் மூன்றை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மூன்றின் குணமும் வேறு.

முதலாவது, துணிமணி விற்கும் பெப் கடைகளின் பாக்ஸி சேவை. கடையில் பையை வாங்கி, பொருளை உள்ளே வைத்து ஒட்டி, எந்த ஊரில் எந்தக் கடை என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். பெறுபவருக்குக் குறுஞ்செய்தியில் எண் வரும், அதைக் காட்டி வாங்கிக்கொள்வார். மெதுவான சேவைக்கு 60 ரேண்டை ஒட்டிக் கட்டணம், ஏழு முதல் ஒன்பது வேலைநாள் ஆகும். வேகமான சேவைக்குக் கூடுதல். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? துணிமணி ஏற்றிக்கொண்டு கடைக்குக் கடை எப்படியும் ஓடும் ஏற்பாட்டின் மேல் நம் பையும் தொற்றிக்கொள்கிறது. அதனால்தான் மலிவு, அதனால்தான் மெதுவும். பெப் இல்லாத சிற்றூர் இந்த நாட்டில் அரிது. வேறு கூரியர்கள் தொலைவுக் கட்டணம் கேட்கும் ஊர்களுக்கும் பாக்ஸியில் விலை மாறாது. தபால் நிலையம் செய்துவந்த வேலைக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன். ஆனால் சட்டம் விதித்த கடமை எதுவும் இதன் பின்னால் இல்லை. ஒரு கடை லாபம் தராவிட்டால் நாளையே மூடலாம்.

இரண்டாவது போஸ்ட்நெட். 1994-இல் தொடங்கியது, இன்று 400-க்கு மேற்பட்ட கடைகள். ஒரு போஸ்ட்நெட்டில் கொடுத்து இன்னொரு போஸ்ட்நெட்டில் எடுத்துக்கொள்ளும் சேவை 5 கிலோ வரை 100 ரேண்டுக்குச் சற்று மேல், பெரிய நகரங்களுக்கு இரண்டு முதல் நான்கு வேலைநாளில் போய்விடும். இங்கே ஆளைப் பார்த்துப் பேசலாம். பெட்டி கட்டித் தருவார்கள், படிவத்தை நிரப்பித் தருவார்கள். செயலி தெரியாத பெரியவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். ஒவ்வொரு கடையும் தனித்தனி முதலாளியின் கையில் இருப்பதால் கவனிப்பு கடைக்குக் கடை மாறும். ஒன்று சரிப்படவில்லை என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

மூன்றாவது, தி கூரியர் கை நிறுவனத்தின் புடோ லாக்கர். பெட்ரோல் நிலையங்களிலும் வணிக வளாகங்களிலும் நிற்கும் இரும்பு அலமாரிகள். செயலியில் பணம் கட்டி, அறையின் அளவைத் தேர்ந்து, எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். ஐந்து அளவுகள், 2 கிலோ முதல் 20 கிலோ வரை. சிறிய அளவு 60 ரேண்ட் அளவில் தொடங்கும். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருபவருக்கு இதைவிட வசதி கிடையாது. இதிலுள்ள குறை, அளவைத் தப்பாகத் தேர்ந்தால் பெட்டி அறைக்குள் நுழையாது, அங்கே உதவிக்கு ஆளும் இருக்க மாட்டார். சில லாக்கர்கள் பண்டிகைக் காலத்தில் நிரம்பிவிடும். அப்போது பெட்டி வழியிலேயே காத்திருக்கும்.

கிளிக்ஸ் மருந்துக் கடைகளில் இயங்கும் பார்கோ போன்றவை பெரும்பாலும் இணையக் கடைகளிலிருந்து வரும் பொருளுக்கானவை. இணையக் கடையான டேக்கலாட்டுக்குச் சொந்த எடுப்பு நிலையங்கள் இருக்கின்றன. 2024 மே மாதம் இங்கே கடை விரித்த அமேசானும் எடுப்பு நிலையங்களை வைத்திருக்கிறது. வாங்கும்போது வாசலா நிலையமா என்று கேட்பார்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் தயங்காமல் நிலையத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

வீட்டிலிருந்தபடி மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்கும் பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களில் பலர் இந்த மூன்றையும் கலந்துதான் ஓட்டுகிறார்கள். அவசரம் இல்லாத துணிக்கு பாக்ஸி, வாடிக்கையாளர் ஜோஹனஸ்பர்க்கில் வேலைக்குப் போகிறவர் என்றால் லாக்கர், கண்ணாடிப் புட்டி என்றால் போஸ்ட்நெட் கவுண்டர். அதை யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்திச் சொல்லவில்லை. கைக்காசு போய்க் கற்றுக்கொண்டார்கள்.

முறுக்கின் எடை

விலையில் பலரும் ஏமாறும் இடம் கன அளவு எடை. வாசலுக்குக் கொண்டுபோகும் கூரியர்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். சிலர் தரைவழிக்கு 4,000-ஆல் வகுப்பார்கள். இப்படி வரும் எண்ணிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

முறுக்கு உடையாமல் இருக்கட்டும் என்று 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் போடுகிறோம் என்று வையுங்கள். பெருக்கினால் 36,000, 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருப்பதோ 3 கிலோ. மீதி 4.2 கிலோவுக்குக் காற்றுக்குக் காசு கட்டுகிறோம். பித்தளைக் குத்துவிளக்கு என்றால் நிலைமை தலைகீழ்: சிறிய பெட்டி, கனத்த எடை. எடை மட்டும் வரம்பாக உள்ள சேவையில் முறுக்கு லாபம், அறையின் அளவை வைத்து விலை சொல்லும் லாக்கரில், எடை வரம்பைத் தாண்டாதவரை விளக்கு லாபம். கவுண்டர் சேவைகளின் நிலையான விலை இந்தக் கணக்கிலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது, பையின் அளவுக்குள் அடங்கும்வரை.

முறுக்கை நெகிழித் தாளில் சுற்றிப் பெரிய பெட்டியில் உருளவிடுவதைவிட, வட்ட டப்பாவில் நெருக்கி அடுக்கி, டப்பாவைச் சுற்றிப் பழைய துண்டைத் திணிப்பது நல்லது. பெட்டிக்குள் எதுவும் அசையக் கூடாது. ஊறுகாய்ப் புட்டிக்கு மூடியை ஒட்டி, நெகிழிப் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போடுங்கள். எண்ணெய் ஒழுகினால் மற்றவர் பெட்டிகளும் பாழாகும். கெட்டுப்போகும் உணவைப் பெரும்பாலான நிறுவனங்கள் பொறுப்பேற்காது. அதிரசமும் முறுக்கும் ஒரு வாரம் தாங்கும், பால் சேர்த்த இனிப்பு தாங்காது. பர்ஃபியை நெடுந்தொலைவு அனுப்புவதில் எனக்கு ஒருபோதும் சம்மதம் இல்லை. லெனேஷியாவுக்குக் காரில் போகும் உறவினரிடம் கொடுப்பதே சரி.

அந்த உறவினர் வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். டர்பனுக்கும் ஜோஹனஸ்பர்குக்கும் இடையே வாரம் தவறாமல் யாராவது ஒருவர் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, ஏதோ ஒன்று. நெடுந்தொலைவு மினிபஸ் டாக்ஸியில் ஓட்டுநரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. டிராக்கிங் எண் கிடையாது, ரசீது கிடையாது, முகத்தை நம்பித்தான் எல்லாம். பணமோ நகையோ இப்படிப் போகக் கூடாது. பலகாரத்துக்கு இதை மிஞ்சிய வழி இல்லை.

சாலை நின்றுபோன நாட்கள்

2021 ஜூலைக் கலவரத்தில் என்-3 சாலையில் மூய் ரிவர் அருகே லாரிகள் எரிந்தன. டர்பனின் கிடங்குகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பெப் கடைகளை நடத்தும் பெப்கார் குழுமத்தின் கடைகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டன. 350-க்கு மேற்பட்ட உயிர்கள் போன அந்த நாட்களில் பார்சலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் அதற்குப் பிந்திய மாதங்களில் ஒன்று தெளிவானது: கடைக் கவுண்டரை நம்பிய வலைப்பின்னல் கடை எரிந்தால் அறுந்துபோகும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெள்ளம் வந்து 430-க்கு மேற்பட்டோர் இறந்தனர், டர்பனைச் சுற்றிப் பாலங்களும் சாலைகளும் அடித்துச்செல்லப்பட்டன. வடக்கே டொங்காட் வட்டாரம் குடிநீரே இல்லாமல் மாதக்கணக்கில் தவித்தது.

கூரியர் வண்டிகளை வழிமறித்துக் கொள்ளையடிப்பது இங்கே நடக்கும் குற்றம். அதனால் சில பகுதிகளை ஆபத்துப் பகுதி என்று நிறுவனங்கள் குறித்துவைத்து, வாசலுக்கு வராமல் கிடங்குக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஓட்டுநரின் உயிர் பெரிது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசல் சேவைக்குப் பணம் வாங்கிக்கொண்ட பிறகு இதைச் சொல்வது முறையில்லை. பதிவு செய்யும்போதே விலாசத்தைப் போட்டுப் பார்த்து, "இங்கே வருவோம், இங்கே வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டால் போதும், கவுண்டருக்கு மாற்றிக்கொள்வோம்.

ஊரிலிருந்து வரும் பெட்டி

தமிழ்நாட்டிலிருந்து வரும் பார்சல் தனிக் கதை. இனவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா 1946-இல் இந்த நாட்டோடு வணிகத்தைத் துண்டித்தது. 1990-களின் தொடக்கம்வரை அந்தத் தடை நீடித்தது. அந்தத் தலைமுறைக்கு நேரடிச் சரக்கு என்பதே இல்லை. இன்று சென்னையில் ஒரு செயலியைத் தட்டினால் வேட்டியும் பூஜைச் சாமானும் கிளம்பிவிடும். எந்த வழியில் கிளம்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்தியத் தபாலில் போட்டால், அங்கே எவ்வளவு வேகமாக நடந்தாலும், இங்கே வந்திறங்கியதும் பெட்டி தென்னாப்பிரிக்கத் தபால் நிறுவனத்தின் கைக்குத்தான் போகும். இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கம் வந்து, ஐ.என். என்று முடியும் அந்த டிராக்கிங் எண் சில நேரம் ஜோஹனஸ்பர்க்கில் வந்து அசையாமல் நின்றுவிடும். டிஎச்எல், ஃபெடெக்ஸ், அராமெக்ஸ் போன்றவற்றில் அனுப்பினால் இங்கேயும் அவர்களின் ஆளோ அவர்களோடு ஒப்பந்தம் போட்டவரோதான் கொண்டுவருவார். விலை பல மடங்கு. காலத்தோடு வரவேண்டிய தாலிக்கொடி உறையும் கல்யாணப் பட்டும் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். அவசரமில்லாத புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

சுங்கம் பற்றித் தெரியாமல் திகைப்பவர்கள் ஏராளம். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் உண்மையான அன்பளிப்பு 1,400 ரேண்டுக்குள் இருந்தால் வரி கிடையாது. ஆண்டுக்கு இரண்டு பெட்டி வரைதான் இந்தச் சலுகை. விலைக்கு வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதச் சொல்லாதீர்கள். மாட்டினால் பெட்டியே போய்விடும். தைத்த ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இறக்குமதி வரி 45 விழுக்காடு. 2,000 ரேண்டுக்குச் சுடிதார் வாங்கினால் வரி 900. அதன் பிறகு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. அதைக் கணக்கிடும்போது பொருளின் விலையோடு பத்து விழுக்காடும் இறக்குமதி வரியும் சேரும். அதாவது 2,000, 200, 900 சேர்ந்து 3,100. அதில் 15 விழுக்காடு 465. மொத்தம் 1,365 ரேண்ட் சுங்கத்துக்கே போகிறது, கூரியர் நிறுவனத்தின் சுங்கக் கையாளல் கட்டணம் தனி.

முன்பு 500 ரேண்டுக்குக் குறைந்த பெட்டிகளுக்கு 20 விழுக்காடு மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஷீன், டெமு என்ற வெளிநாட்டு இணையக் கடைகளின் மலிவுப் பொட்டலங்கள் குவிந்து உள்ளூர்த் துணி ஆலைகள் குரல் எழுப்பிய பிறகு, 2024 செப்டம்பர் முதல் அவற்றுக்கும் மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது. டர்பன் துணி ஆலைகளில் வாழ்நாள் முழுதும் உழைத்த நம் அத்தைமார்களை நினைத்தால் இந்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

கறிவேப்பிலை, விதை, கன்று, காய்ந்த மூலிகை எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லாதீர்கள். வேளாண் துறை பறிமுதல் செய்யும், கூட இருக்கும் துணியும் சேர்ந்து தாமதமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சில ரேண்ட் கட்டுங்கள்" என்று தபால் நிறுவனத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளில் பெரும்பாலானவை மோசடி. தொகை சிறிதாக இருப்பதால் யோசிக்காமல் அட்டை எண்ணைப் போட்டுவிடுகிறோம். இணைப்பைத் தொடாமல், நம்மிடம் உள்ள டிராக்கிங் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நாமே போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் போனையும் எடுத்து இதைக் காட்டிக்கொடுங்கள்.

தொலைந்தால் யார் பொறுப்பு

இணையக் கடையில் வாங்கிய பொருள் வராவிட்டால் நாம் கூரியர் நிறுவனத்தைத் துரத்துகிறோம். கடைக்காரரும் "டிராக்கிங் எண் கொடுத்துவிட்டேன், அவர்களிடம் கேளுங்கள்" என்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொண்டுவந்து தர ஒப்புக்கொண்ட பொருளை வாங்குபவர் ஏற்றுக்கொள்ளும்வரை அது விற்றவரின் பொறுப்பிலேயே இருக்கிறது. கூரியரோடு ஒப்பந்தம் போட்டதும் அவர்தான், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தில் இன்னொரு பிடி இருக்கிறது: வேறு நாள் பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் பொருள் வந்தாக வேண்டும், வராவிட்டால் ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். வந்த பொருளையும், உணவு போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.

நாமே அனுப்பிய பெட்டி என்றால் நிலைமை வேறு. அங்கே ஒப்பந்தக்காரர் நாம். கவுண்டரில் கையெழுத்துப் போடும் தாளின் பின்புறத்தில், காப்பீடு எடுக்காவிட்டால் இழப்பீடு இல்லை என்றோ சிறு தொகைதான் என்றோ இருக்கும். பட்டுப் புடவையும் வெள்ளிக் குங்குமச் சிமிழும் அனுப்பும்போது காப்பீட்டுக்குக் கேட்கும் சில ரேண்டை மிச்சம்பிடிக்காதீர்கள், ஆனால் நகையை எந்த வகைக் காப்பீடு ஏற்கும் என்று முதலில் கேளுங்கள், பலர் ஏற்பதில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுங்கள், மூடிய பிறகு வேபில் ஒட்டிய முகப்பைப் படம் எடுங்கள். பொருள் வாங்கிய ரசீதை வைத்திருங்கள். பெறுபவரிடமும், பெட்டி நசுங்கியோ ஒட்டுநாடா பிரிந்தோ இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள். எதுவும் எழுதாமல் நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பின் வாதாடுவது கடினம். எண்ணைத் தட்டிப் பெட்டியை எடுக்கும் லாக்கரில் கையெழுத்துக்கே இடம் இல்லை. அங்கே நின்றபடியே, கேமரா பார்க்கும் இடத்தில், பெட்டியைத் திறக்காமல் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தால்தான் புகாருக்கு உயிர் இருக்கும்.